.40 பிஸ்டலில் தோட்டா ஏறாமல் சிக்குகிறது, ஃபீட் ராம்பை பாலிஷ் போடலாமா?

ஆஸ்டின் வாசு

வணக்கம். டெக்சாஸில் ஆஸ்டின் பக்கம் இருக்கிறேன். யுஎஸ்பிஎஸ்ஏ (ஓடிக்கொண்டே இலக்குகளைச் சுடும் அமெரிக்க பிஸ்டல் போட்டி) போட்டிகளில் இதுவரை சாதாரண பிளாஸ்டிக் பிஸ்டல் ஒன்றை வைத்துத்தான் சுட்டு வந்தேன். இந்த வருடம் லிமிடெட் பிரிவுக்கு மாறலாம் என்று எங்கள் கிளப் பெரியவர் ஒருவரிடம் பழைய 2011 ஒன்றை (வருடமல்ல, 1911 பிஸ்டலின் இரட்டை வரிசை மேகசின் மாடலின் பெயர்) வாங்கினேன். தனி ஆள் நடத்திய சின்னப் பட்டறையில் செய்த கஸ்டம் துப்பாக்கி. செய்தவர் தொழிலை விட்டுவிட்டார், அதனால் திருப்பி அனுப்பிச் சரிசெய்யவும் வழியில்லை. 5 அங்குல பீப்பாய், .40 எஸ் அண்ட் டபிள்யூ. ட்ரிகர் தொட்டால் விழுகிறது, குறி அப்படியே போய் உட்காருகிறது. 140 மில்லிமீட்டர் மேகசின்கள் நான்கும் கூடவே வந்தன.

பிரச்சினை, தோட்டா ஒழுங்காக ஏறுவதில்லை. சில நேரம் குண்டின் மூக்கு ராம்பின் (தோட்டாவை பீப்பாய்க்குள் ஏற்றிவிடும் சரிவு) அடியில் குத்தி நிற்கிறது, ஸ்லைடு பாதி திறந்தபடி இருக்கிறது. சில நேரம் தோட்டா முக்கால்வாசி உள்ளே போய்விடுகிறது, ஸ்லைடு மட்டும் கடைசி கொஞ்ச தூரம் மூடுவதில்லை. கட்டைவிரலால் பின்னாலிருந்து தள்ளினால் மூடிக்கொள்கிறது. முழு மேகசினில் அதிகம் வருகிற மாதிரி தோன்றுகிறது, ஆனால் நடுவிலும் வருகிறது. போன ஸ்டேஜில் (போட்டியின் ஒரு சுற்று) 32 தோட்டா ஓட்டத்தில் இரண்டு தடவை. எங்கள் போட்டியில் துப்பாக்கி சிக்கினால் மறுவாய்ப்பு கிடையாது, கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். புள்ளியை நேரத்தால் வகுத்தால் வருவதுதான் மதிப்பெண் என்பதால் அந்த ஸ்டேஜ் அங்கேயே முடிந்தது.

தோட்டா நானே ரீலோட் செய்வது, அதாவது சுட்ட பித்தளை கேஸில் புது ப்ரைமர், பவுடர், குண்டு வைத்துச் செய்வது. 180 கிரெயின், கோட்டிங் போட்ட தட்டை மூக்குக் குண்டு, மொத்த நீளம் 1.180 அங்குலம், வேகம் நொடிக்கு 945 அடி. பவர் ஃபாக்டர் (குண்டின் எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தது) 170 வருகிறது, மேஜர் என்ற வலுவான தோட்டா வகைக்கு 165 போதும். கேஸ் எல்லாம் ரேஞ்சில் பொறுக்கியது.

கடைக்காரர் ராம்பை பாலிஷ் போடச் சொல்கிறார். விற்றவர் ஸ்பிரிங்கை மாற்றச் சொல்கிறார். நண்பன் வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொல்கிறான். எதில் தொடங்குவது?

ரெட்டைக்குழல்

ராம்ப்தான் ப்ரோ, வேறென்ன. ட்ரெமலில் (கையில் பிடிக்கும் சுழல் கருவி) ஃபெல்ட் சக்கரம் மாட்டி, கொஞ்சம் ரூஜ் பாலிஷ் தடவி ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். நான் என் பழைய .45-க்கு அதைத்தான் செய்தேன், பிறகு ஒரு குறையும் இல்லை.

பீளமேடு லேத்

வாசு தம்பி, ட்ரெமலை எடுக்காதே. ரெட்டைக்குழல் செய்தது பழைய 1911-இல், அதில் ராம்பின் பெரும்பகுதி ஃபிரேமில் இருக்கும். உன்னுடையதில் ராம்ப் பீப்பாயோடு ஒரே துண்டு. அந்தச் சரிவின் மேல்விளிம்புதான் கேஸின் அடிவயிற்றைத் தாங்கிப் பிடிக்கிறது. அங்கே உலோகத்தை எடுத்துவிட்டால் பித்தளைக்குத் தாங்கல் போய்விடும். .40-க்கு அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. பித்தளை கிழிந்தால் அத்தனை வாயுவும் மேகசின் வழியாக உன் கைக்குள்தான் இறங்கும். பளபளப்பு ஏற்றுவது வேறு, உலோகத்தைத் தேய்ப்பது வேறு. ட்ரெமல் கையில் சுற்றும்போது இரண்டுக்கும் நடுவில் கோடு தெரியாது.

நான் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வளர்ந்தவன், இங்கே ஃபீனிக்ஸில் டூல் ரூமில் வேலை. சனி ஞாயிறு என்றால் யாராவது ஒருவர் மூடாத பிஸ்டலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா, ஸ்லைடு எங்கே நின்றது? பெரும்பாலும் பதில் இருக்காது. ஆனால் கையில் புது ஸ்பிரிங் பாக்கெட் இருக்கும்.

நீ சொன்னதை இன்னொரு தடவை படித்துப் பார். இரண்டு வியாதியை ஒரே பெயரில் சொல்லியிருக்கிறாய். மூக்கு கீழே குத்தி ஸ்லைடு பாதியில் நிற்பது ஒன்று. அது அநேகமாக மேகசின் சமாசாரம். கடைசி கால் அங்குலம் மூடாமல் நின்று, தள்ளினால் மூடிக்கொள்வது இன்னொன்று. அதில் மேகசினுக்கு வேலையே இல்லை, தோட்டா ஏற்கனவே மேகசின் வாயின் உதட்டை விட்டு வெளியே வந்துவிட்டது. அங்கே சந்தேகப்பட வேண்டியது எக்ஸ்ட்ராக்டரை (கேஸின் விளிம்பைப் பிடித்து வெளியே இழுக்கும் கொக்கி), இல்லையென்றால் நீ ரீலோட் செய்த தோட்டாவை.

இந்த மாடல் ஏன் இவ்வளவு அடம் பிடிக்கிறது என்று கேட்டால், அதன் பிறப்பு அப்படி. ஜான் பிரவுனிங் வரைந்தது 7 தோட்டா கொள்ளும் ஒற்றை வரிசை மேகசினுக்கு, உருண்டை மூக்கு .45 குண்டுக்கு. 1911-இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டது அதைத்தான். 1990-களின் தொடக்கத்தில் வர்ஜில் ட்ரிப்பும் சாண்டி ஸ்ட்ரேயரும் பிடியைத் தனிப் பிளாஸ்டிக் துண்டாகப் பிரித்து, உள்ளே இரட்டை வரிசை மேகசினை நுழைத்தார்கள். அவர்களுடைய எஸ்டிஐ கம்பெனி உன் ஊருக்கு வடக்கே ஜார்ஜ்டவுனில்தான் இருந்தது, 2020-இல் ஸ்டக்காட்டோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆக, மேல்பாதி பிரவுனிங் சொத்து, கீழ்பாதி வேறு ஆள் வேலை. இரண்டும் சந்திக்கிற இடம் மேகசினின் இரண்டு உதடுகள். மெல்லிய தகடு, அதையும் நாம் ஒவ்வொரு தடவை மேகசின் மாற்றும்போதும் சரளைக்கல்லில் போடுகிறோம்.

ஸ்லைடு திரும்பி வரும்போது தோட்டாவின் பின்விளிம்பைப் பிடித்து முன்னே தள்ளுகிறது. மூக்கு ராம்பில் பட்டு மேலே எழும்ப வேண்டும். அதே நேரத்தில் பின்விளிம்பு உதட்டிலிருந்து விடுபட்டு, ஸ்லைடின் முகத்தோடு சறுக்கி, எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் நுழைய வேண்டும். உதடு முன்பக்கம் விரிந்திருந்தால் தோட்டா சீக்கிரம் கழன்றுவிடும். இறுகியிருந்தால் பின்பக்கம் பிடிபட்டுக்கொண்டு மூக்கு கீழேயே முட்டும். முழு மேகசினில் ஸ்பிரிங் அழுத்தம் அதிகம், மேல் தோட்டா ஸ்லைடின் அடியில் அழுந்தி உரசும், அதனால் ஸ்லைடு வேகம் குறையும். கடைசித் தோட்டாக்களில் இதற்கு நேர்மாறு: ஸ்பிரிங் களைத்திருந்தால் தோட்டா மேலே வந்து சேர்வதற்குள் ஸ்லைடு வந்துவிடும். எத்தனையாவது தோட்டா என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நான்கு மேகசினுக்கும் பெயின்ட் மார்க்கரில் 1, 2, 3, 4 என்று பெரிதாக எழுது. ரேஞ்சுக்குப் போ, ஒவ்வொரு தடவை சிக்கும்போதும் மேகசின் எண், எத்தனையாவது தோட்டா, ஸ்லைடு நின்ற இடம் மூன்றையும் சின்ன நோட்டில் குறி. உடனே தட்டி இழுத்துச் சரிசெய்யாதே. ரேஞ்சில் பயிற்சியில் தானே இருக்கிறாய், துப்பாக்கியை இலக்குப் பக்கமே காட்டியபடி, விரலை ட்ரிகரிலிருந்து எடுத்துவிட்டு, கொஞ்சம் நின்று பார். செல்போனில் ஒரு படம் எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

வீட்டில் செய்வதற்கு: ப்ரைமரும் பவுடரும் இல்லாத டம்மி தோட்டா ஒரு கைப்பிடி செய்துகொள். உண்மைத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. ஃபயரிங் பின்னையும் கழற்றி வைத்துவிடு. டம்மியின் மூக்கு முதல் விளிம்பு வரை கறுப்பு மார்க்கரால் பூசி, ஸ்லைடை மெதுவாக முன்னே விட்டு, வெளியே எடுத்துப் பார். எங்கே உரசியதோ அங்கே மை வழிந்திருக்கும். கேஸின் இரு பக்கமும் நீளக் கீறல் விழுந்தால் உதட்டில் பிசிறு. மூக்கின் அடியில் ஒரே புள்ளியாகக் குத்து விழுந்தால் தோட்டா தாழ வருகிறது. விளிம்பை ஒட்டிய பள்ளத்தில் வெட்டு மாதிரி விழுந்தால் எக்ஸ்ட்ராக்டரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இந்த டம்மி வேலையைப் போட்டி நடக்கும் இடத்தில் சேஃப்டி ஏரியாவில் (காலித் துப்பாக்கியைக் கையாள ஒதுக்கிய இடம்) செய்துவிடாதே. அங்கே டம்மியைத் தொட்டாலும் தகுதி நீக்கம்தான். நல்ல ஷூட்டர்களே இதில் மாட்டியிருக்கிறார்கள்.

கரோலினா மீனா

பீளமேடு அண்ணன் மேகசினைப் பார்த்துக்கொள்வார், நான் தோட்டா பற்றி மட்டும் சொல்கிறேன். வாசு, ரேஞ்சில் பொறுக்கிய கேஸ் என்றீர்களே, அந்த இடத்தில்தான் என் கண் நின்றது.

.40 கேஸ்களில் பலவும் வேறு துப்பாக்கிகளில் சுட்டு, அடியில் ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருக்கும். கேஸைப் பழைய அளவுக்கு இறுக்கும் சாதாரண சைஸிங் டை கேஸின் அடிவரை போகாது, கேஸைப் பிடித்திருக்கும் ஷெல் பிளேட் தடுக்கும். அந்த வீக்கம் அப்படியே தங்கிவிடும். கஸ்டம் பீப்பாயின் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) இறுக்கமாக வெட்டியிருப்பார்கள், அங்கே போய் முட்டும். தள்ளினால் போகும், தானாகப் போகாது. நீங்கள் சொன்ன இரண்டாவது வியாதி அச்சு அசல் இதுதான்.

பீப்பாயைக் கழற்றுங்கள். சேம்பரைத் துடைத்துவிட்டு உங்கள் தோட்டாவை ஒவ்வொன்றாக உள்ளே போடுங்கள். டக் என்று விழ வேண்டும், விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், பீப்பாயைக் கவிழ்த்தால் தானாக வெளியே விழ வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தத் தோட்டா போட்டிக்கு இல்லை. உள்ளே விழுகிறது ஆனால் சுற்றவில்லை என்றால் வீக்கம் காரணமாக இருக்காது, குண்டு ரைஃப்லிங்கைத் (பீப்பாயின் உள்ளே உள்ள சுழல் வரிகள்) தொடுகிறது. நீளத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். 1.180 இந்த மேகசினுக்குப் பலரும் வைக்கும் நீளம்தான். கம்பெனித் தோட்டாவின் உச்ச வரம்பு 1.135, அதை வைத்துப் பயந்து குட்டையாக்க வேண்டாம். குட்டையானால் இந்த மேகசினில் மூக்கு இன்னும் தாழத்தான் போகும். கேஸுக்குள் குண்டு ஆழமாக உட்கார்ந்தால் அழுத்தமும் ஏறும், அதனால் நீளத்தை மாற்றினால் பவுடரைக் குறைத்து மறுபடி கீழிருந்து ஏறி வாருங்கள்.

கிரிம்ப், அதாவது கேஸின் வாயை இறுக்கியது, அளந்தீர்களா? கேஸின் வாயில் 0.423 அங்குலம்தான் வரம்பு. குண்டை உட்கார வைக்க வாயை விரித்தோமே, அந்த விரிவை நிமிர்த்தினால் போதும். கோட்டிங் குண்டில் அதற்கு மேல் அழுத்தினால் கோட்டிங் அறுபடும். ஒரு தோட்டாவைப் பிரித்துக் குண்டைப் பாருங்கள், வளையமாகக் கோடு விழுந்திருந்தால் கிரிம்ப் அதிகம்.

வீங்கிய கேஸுக்கு முழுக்க ஊடுருவிப் போகும் டை இருக்கிறது, ரெட்டிங் விற்கிறார்கள். நான் .40 சுட்ட காலத்தில் பொறுக்கிய கேஸ் எல்லாவற்றையும் அதில் தள்ளிய பிறகுதான் டில்லான் ரீலோடிங் இயந்திரம் பக்கமே கொண்டு போவேன். சலிப்பான வேலை, பாட்டு போட்டுக்கொண்டு செய்ய வேண்டியதுதான்.

ஆஸ்டின் வாசு

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. எண் போட்டு நோட்டில் குறித்தேன். இப்போதே படம் கொஞ்சம் தெளிகிறது.

மூக்கு குத்துவது 2-ஆம் எண்ணிலும் 4-ஆம் எண்ணிலும் மட்டும். 1, 3 இரண்டிலும் ஒரு தடவைகூட இல்லை. 4-இல் வருவது எப்போதும் கடைசி மூன்று நான்கு தோட்டாக்களில். 2-இல் முழுதாக நிரப்பியபோது முதலிலேயே.

மூடாமல் நிற்பது எல்லா மேகசினிலும் வருகிறது. அக்கா சொன்னபடி பீப்பாயில் போட்டுப் பார்த்தேன். டப்பாவிலிருந்து எடுத்ததில் கணிசமானவை கடைசியில் பிடித்துக்கொண்டு நின்றன. சுற்றிப் பார்த்தால் அடியில் ஒரு பக்கம் கண்ணுக்கே தெரிகிற தொப்பை. கிரிம்ப் 0.422, அது சரியாக இருக்கிறது.

ஆனால் பீப்பாயில் டக் என்று விழுந்த நல்ல தோட்டாக்களைத் தனியாகப் பிரித்துச் சுட்டபோதும் எப்போதாவது மூடாமல் நின்றது. மார்க்கர் பூசிய டம்மியில் விளிம்புப் பள்ளத்தில் ஒரு வெட்டு தெரிகிறது. இன்னொன்றும் கவனித்தேன்: ஸ்லைடைப் பின்னாலிருந்து பார்த்தால் எக்ஸ்ட்ராக்டரின் முனை நேராக இல்லை, லேசாகத் திரும்பி நிற்கிறது. அது அப்படித்தான் இருக்குமா?

பீளமேடு லேத்

அப்படி இருக்கக் கூடாது. நல்ல கண் உனக்கு.

1911 எக்ஸ்ட்ராக்டர் தனி ஸ்பிரிங் இல்லாத நீளக் கம்பி. அதுவே ஸ்பிரிங், அதுவே கொக்கி. பின்முனையில் இருக்கும் காடியை ஃபயரிங் பின் ஸ்டாப் என்ற சின்னத் தகடு பிடித்து நிறுத்துகிறது. அந்தத் தகடு தொளதொளவென்று இருந்தால் கம்பி தன் துளைக்குள் சுழலும். கொக்கி சாய்ந்துவிட்டால் விளிம்பு அதற்கடியில் நேராக நுழையாது, ஓரத்தில் முட்டும். அந்த வெட்டு அதுதான். தீர்வு, கொஞ்சம் பெரியதாக வரும் ஸ்டாப் ஒன்றை வாங்கி, அரத்தால் நிதானமாக உன் ஸ்லைடுக்குப் பொருத்துவது. விலை அதிகமில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் பொருத்திப் பார்த்துக்கொண்டே போ. நமக்குப் பழக்கமில்லை என்று தோன்றினால் அந்த ஒரு வேலையை மட்டும் கன்ஸ்மித்திடம் கொடு, தப்பில்லை.

அது சரியான பிறகு இழுவிசையைப் பார். ஸ்லைடைத் தனியாகக் கழற்றி, ஒரு டம்மியைக் கொக்கிக்கு அடியில் நுழை. ஸ்லைடைக் கிடையாகப் பிடித்து லேசாக அசைத்தால் டம்மி விழக் கூடாது, பலமாக உதறினால் விழ வேண்டும். உதறினாலும் விழவில்லை என்றால் இறுக்கம் அதிகம், தோட்டா ஏறும்போது விளிம்பு கொக்கியோடு மல்லுக்கட்டும். சும்மா பிடித்தாலே விழுகிறது என்றால் தளர்ச்சி. சரிசெய்வது கம்பியை மயிரிழை வளைத்துத்தான். கொக்கியின் அடி மூலை கூர்மையாக இருந்தால் நுண்ணிய உப்புத்தாளில் உருட்டிவிடு, விளிம்பு நுழையும் மூலையை மட்டும். கொக்கியின் பிடிக்கும் முகத்தைத் தொடாதே.

மேகசினுக்கு வருவோம். 4-இல் கடைசித் தோட்டாக்களில்தான் தகராறு என்றால் முதலில் ஸ்பிரிங்கை மாற்று. கழற்றி 1-இன் ஸ்பிரிங் பக்கத்தில் வைத்துப் பார், குட்டையாகியிருக்கும். மாட்டும்போது மேல் சுருளின் முனை எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்து வைத்துக்கொள், திருப்பி மாட்டினால் தோட்டாக்களை மேலே தள்ளும் ஃபாலோயர் தலை சாய்ந்துவிடும். 2-ஐ கேலிப்பரில் அள. உதட்டின் இடைவெளி முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று 1, 3 இரண்டிலும் அளந்து எழுது. இன்டர்நெட்டில் ஆளுக்கு ஒரு எண் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உன் துப்பாக்கியில் ஓடுகிற மேகசின்தான் உனக்கு அளவுகோல். 2-ஐ அதற்குக் கொண்டு வா. உதட்டுக்கென்று கருவி விற்கிறார்கள், பிளையரை எடுக்காதே. ஒரே இடத்தை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டிருந்தால் தகடு விரிசல் விடும்.

ராம்பைத் தொட வேண்டிய அவசியம் இதுவரை எங்கேயும் வரவில்லை, பார்த்தாயா.

ரெட்டைக்குழல்

சரி சரி, ட்ரெமலை டிராயரில் வைத்துவிட்டேன்.

சென்னை 25 மீட்டர்

இடையில் ஒரு கேள்வி. நான் சென்னையில் 25 மீட்டர் ஸ்போர்ட் பிஸ்டல் சுடுகிறேன், பார்டினி .22. எங்களுக்கு உங்களைப் போல அவ்வளவு கெடுபிடி இல்லை, ஏற்றுக்கொள்ளத்தக்க கோளாறு என்று நடுவர் சொன்னால் விதிப்படி ஈடுகட்ட வாய்ப்பு தருவார்கள். ஆனாலும் மனசு கலைந்துவிடுகிறது. ஐந்து தோட்டா போடும் மேகசினிலேயே எனக்கு மூன்றாவது அடிக்கடி சிக்குகிறது. இந்த உதடு அளக்கும் வைத்தியம் இதற்கும் ஆகுமா?

பீளமேடு லேத்

.22-இல் அளப்பதற்கு முன் நிரப்புவதைப் பாருங்கள் சார். அந்தத் தோட்டாவுக்கு விளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போய்விட்டால் ஒன்றை ஒன்று பூட்டிக்கொள்ளும், ஸ்லைடு தள்ளினாலும் வராது. நிரப்பியதும் பக்கவாட்டில் பாருங்கள், விளிம்புகள் படிப்படியாக வரிசையில் நிற்க வேண்டும். அப்புறம் சேம்பர் வாயைத் துடையுங்கள். மெழுகும் ஈயமும் அங்கே ஒரு கறுப்பு வளையமாகக் கட்டியிருக்கும். மர ஈர்க்கால் சுரண்டினாலே வரும். அதோடு வேறொரு பிராண்ட் தோட்டா கிடைத்தால் போட்டுப் பாருங்கள். இந்த ரகத் துப்பாக்கிகளுக்கு ஒரு தோட்டா பிடிக்கும், இன்னொன்று பிடிக்காது.

ஆஸ்டின் வாசு

அண்ணா, ஸ்டாப் ஆர்டர் போட்டுவிட்டேன், மேகசின் ஸ்பிரிங்கும். கேஸ்களுக்கு அந்த டையும். எல்லாம் வந்து சேர்வதற்குள் சனிக்கிழமை கிளப் போட்டி இருக்கிறது. போகலாமா, விட்டுவிடலாமா? விற்றவர் இன்னும் ஸ்லைடைத் திருப்பி மூடும் ரீகாயில் ஸ்பிரிங்கைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார், இப்போது உள்ளே இருப்பது எத்தனை பவுண்டு என்றுகூட அவருக்கு ஞாபகமில்லை.

பீளமேடு லேத்

பழைய பிளாஸ்டிக் பிஸ்டலை எடுத்துக்கொண்டு போ. எக்ஸ்ட்ராக்டர் சுழலுகிறது என்று தெரிந்த பிறகு அதை வைத்துப் போட்டியில் கலந்துகொண்டு எரிச்சலாவதில் என்ன லாபம்? பழையதோடு போனால் கை சும்மா இருக்காது, நோட்டும் குழம்பாது.

ரீகாயில் ஸ்பிரிங் கடைசி. பழைய .45-க்கு 16 பவுண்டு வழக்கம், லிமிடெட் .40-இல் பலர் 12, அதற்கும் கீழே போவார்கள், துப்பாக்கி மென்மையாக ஆடும் என்று. மிகவும் இளகினால் முழு மேகசினின் உரசலைத் தாண்டி மூட வலு இருக்காது. மிகவும் விறைத்தால் ஸ்லைடு மேகசினை முந்திக்கொண்டு வரும். ஆகவே 2-ஆம் எண் மேகசின் அளவுக்கு வந்த பிறகும் முதல் தோட்டாவில் சிக்கினால் அப்போது 11, 12, 13 என்று மூன்று வாங்கி ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கலாம். பழசை எடைத் தராசு வைத்து அளக்க முயலாதே, தூக்கிப் போடு. ஒரே சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ஸ்டாப் முதலில்.

கரோலினா மீனா

வாசு, ஏற்கனவே ரீலோட் செய்த தொப்பைத் தோட்டாக்களை அந்த டையில் தள்ளிவிடாதீர்கள். அது காலி கேஸுக்கு மட்டும். ப்ரைமரோடு உள்ள தோட்டாவை அதில் அழுத்துவது ஆபத்து. பிரித்தெடுத்து, குண்டையும் பவுடரையும் தனியாக்கி, கேஸைக் குப்பையில் போடுங்கள். சுத்தியல் மாதிரி ஒரு புல்லர் இருபது டாலருக்குள் கிடைக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு தட்டுங்கள்.